கோட்டையை விட்டுக் கடலுக்கு வந்தவர்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்த முதல் இந்திய ஆளுநர் ஒரு ராஜா. ஆர்ச்சிபால்டு நை விடைபெற்றுப் போனதும் 1948 செப்டம்பர் 7-ம் தேதி அவர் பதவியேற்றார். வெள்ளைக்காரர் காலத்திலேயே முகமது உஸ்மானும் கே.வி. ரெட்டி நாயுடுவும் இடைக்கால ஆளுநர்களாகக் கொஞ்ச காலம் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் முழுப் பொறுப்போடு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான். கிருஷ்ணகுமார்சிங்ஜி கோஹில். குஜராத்தின் பாவ்நகர் அரசர், அந்தக் காலத்துத் தமிழர்களுக்குப் ‘பவநகர் மகாராஜா’. அப்போது அவருக்கு வயது 36.

மூன்றரை வருஷம் இங்கே இருந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் அவருக்குப் பின் பூ.ச. குமாரசாமி ராஜாவும் ஆட்சி நடத்திய காலம் அது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அப்போதுதான். நாடு குடியரசானதும் அப்போதுதான். 1952 மார்ச்சில், முதல் பொதுத்தேர்தல் முடிந்த கையோடு விடைபெற்றார். அடுத்து வந்த ஸ்ரீபிரகாசா ராஜாஜியை ஆட்சியமைக்க அழைத்த கதை நமக்கெல்லாம் தெரியும். அதற்குச் சற்று முன்புவரை அங்கே இருந்தவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அவர் சென்னையில் விட்டுச்சென்ற ஒன்று மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். கிண்டி ஆளுநர் மாளிகை வளாகத்தையும் அதையொட்டிய தேசியப் பூங்காவையும் அறிந்தவர்கள் அங்குள்ள வெளிமான்களைப் பார்த்திருப்பார்கள். ஆண் மானுக்கு முதுகு கருத்திருக்கும், வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போகும். அந்தக் கூட்டத்தில் உடம்பு முழுக்க வெள்ளையாகச் சில மான்களும் உண்டு. அந்த வெள்ளை மான்களை இங்கே கொண்டுவந்து விட்டவர் பவநகர் மகாராஜா. ஊரை விட்டு வந்தவர் தன் ஊர்ப் புல்வெளியின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுவந்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. பாவ்நகருக்கு வடக்கே வேளாவதர் என்ற புல்வெளி இருக்கிறது. வெளிமான்கள் நூற்றுக்கணக்கில் மேயும் இடம். ஒரு காலத்தில் அந்த அரச குடும்பம் பழக்கிய சிவிங்கிப்புலிகளை வைத்து அங்கே மான் வேட்டையாடியது. உள்நாட்டில் சிவிங்கி கிடைப்பது அரிதானபோது ஆப்பிரிக்காவிலிருந்தே வரவழைத்தார்கள். 1976-ல் அது தேசியப் பூங்காவானது. வேட்டைக்காகக் காப்பாற்றி வைத்த புல் கடைசியில் மானுக்கே கிடைத்தது. இன்று அந்தப் புல்வெளியில் நின்று பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.

சரி, யார் இந்தக் கோஹில்கள்?

மூலம் மார்வார். அதாவது இன்றைய ராஜஸ்தானின் மேற்குப் பகுதி. அங்கே கேட் என்ற இடத்தில் இருந்தவர்களை ராத்தோர்கள் துரத்திவிட, 13-ம் நூற்றாண்டில் சேஜக்ஜி என்பவர் தன் கூட்டத்தோடு தெற்கே சௌராஷ்டிரத்துக்கு, அதாவது குஜராத்தின் தீபகற்பப் பகுதிக்கு, வந்தார். ஜூனாகட்டை ஆண்ட சூடாசமா அரசரிடம் சேவகம், அதற்குக் கூலியாகச் சில கிராமங்கள், பிறகு திருமண உறவு என்று காலூன்றினார். அவருடைய மூன்று மகன்களிடமிருந்து மூன்று கிளைகள் பிரிந்தன. பாவ்நகர், லாட்டி, பாலிதானா. ஆக, இவர்கள் கதையே ஊரை இழந்து வந்ததில் தொடங்குகிறது. வம்ச வரலாறுகளில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுதான் வேர் என்பது என் எண்ணம்.

சேஜக்ஜியின் பேரன் மொகடாஜி. கோஹில்கள் கடலைப் பார்த்தது இவர் காலத்தில்தான். காம்பே வளைகுடாவின் மேற்குக் கரையில் கோகா என்ற பழைய துறைமுகம். அதற்கு எதிரே பீரம் என்ற சின்னத் தீவு. இரண்டையும் மொகடாஜி பிடித்துக்கொண்டு, காம்பேக்குப் போகிற வருகிற கப்பல்களிடமெல்லாம் வரி வசூலித்தார். டெல்லிக்குப் பணம் போகும் பாதை அது. முகமது பின் துக்ளக்கின் படை வந்தது. 1347 வாக்கில் நடந்த சண்டையில் மொகடாஜி இறந்தார். அப்புறம் சாரணர்கள், அதாவது அந்த ஊர்ப் பாணர்கள், கதையை எடுத்துக்கொண்டார்கள். தலை கோகா வாசலில் விழுந்தது, தலையில்லாத உடல் வாளை விடாமல் இன்னும் வெகுதூரம் சண்டை போட்டுக்கொண்டே போனது என்று பாடினார்கள். இன்றும் அந்தக் கடலோடிகளுக்கு மொகடாஜி தெய்வம். பீரம் தீவைக் கடக்கும்போது காணிக்கை போடும் வழக்கம் அவர்களிடம் உண்டு.

சௌராஷ்டிரம் முழுக்க ஊர் எல்லைகளில் ‘பாளியோ’ என்ற வீரக்கற்கள் நிற்கும். மேலே சூரியனும் சந்திரனும், கீழே குதிரை மேல் ஈட்டியோடு ஒருவன். சிலவற்றில் வளையல் அணிந்த ஒரு கை மட்டும் செதுக்கியிருக்கும், அது உடன்கட்டை ஏறியவளுக்கு. செங்கம் நடுகற்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவற்றை அடையாளம் காண ஒரு நொடி போதும். மாடு மீட்கப்போய் இறந்தவன், ஊரைக் காக்கப்போய் இறந்தவன். அங்கேயும் அதே காரணங்கள்தான்.

மொகடாஜிக்குப் பிறகு ஒரு மகன் தாய்வழியில் ராஜ்பிப்லாவுக்குப் போய் அந்த அரசுக்கு வாரிசானார். இன்னொரு மகன் வழி உம்ராளா, பிறகு சீஹோர் என்று உள்நாட்டுக்குள் நகர்ந்தது. சீஹோர் மலைகள் சூழ்ந்த ஊர். சுற்றி மதில். ஒரு ராஜபுத்திரத் தலைவனுக்கு வேறென்ன வேண்டும்? சுமார் நூற்றைம்பது வருஷம் அங்கேயே இருந்தார்கள்.

அங்கிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. 1720-களின் தொடக்கத்தில் மராட்டியத் தளபதிகள் கந்தாஜி கதம் பாண்டேயும் பிலாஜி கெய்க்வாடும் சீஹோர் மேல் படையெடுத்தார்கள். அப்போதைய கோஹில் தலைவர் பாவ்சிங்ஜி தாக்குப்பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஜெயித்தவன் என்ன செய்வான்? கோட்டையை இன்னும் பலப்படுத்துவான். பாவ்சிங்ஜி ஜெயித்த கோட்டையை விட்டே கிளம்பிவிட்டார். முகலாய ஆட்சி நொறுங்குகிறது, மராட்டியர்கள் வருஷா வருஷம் வரப்போகிறார்கள், இந்த மலையை வைத்துக்கொண்டு எத்தனை தடவை தடுப்பது என்று கணக்குப் போட்டிருக்கிறார். 1723-ல் ஓர் அட்சய திரிதியை நாளில், வடவா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், ஒரு கடற்கழியின் சேற்றுக் கரையில் புது ஊருக்கு அடிக்கல் போட்டார். அதுதான் பாவ்நகர்.

அந்தக் கடலை நேரில் பார்க்காமல் இந்த முடிவின் துணிச்சல் புரியாது. நம் சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். காம்பே வளைகுடாவில் பாவ்நகர்ப் பக்கம் அது பத்து மீட்டரைத் தொடும். நீர் பழுப்பு நிறம். மெரினாவில் பார்ப்பது மாதிரி அலை வந்து கரையில் உடையாது. நீர்மட்டம் அப்படியே ஏறும், அப்படியே இறங்கும். வற்றிய நேரத்தில் கோகாவில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். படகுகள் அந்தச் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இறங்கினால் முழங்கால் வரை உள்வாங்கும். சில மணி நேரம் பொறுத்தால் அதே இடத்தில் ஆள் மூழ்கும் தண்ணீர் வந்து படகு நிமிர்ந்துவிடும். வெளியூர்க் கப்பல்காரனுக்கு இது ஆபத்தான கடல். நேரம் தெரிந்தவனுக்கோ கடலே கதவைத் திறந்து மூடுகிற மாதிரி.

வியாபாரிகளை எப்படிக் கூப்பிட்டார்கள்? பக்கத்திலேயே கோகா இருக்கிறது, அனுபவமுள்ள துறைமுகம். அங்கிருந்து ஆட்களை இழுக்க வரியைக் குறைத்தார்கள், கடற்கொள்ளைக்காரர்களை அடக்கினார்கள். சூரத்தில் முகலாயர்களின் கடற்படையை வைத்திருந்த சித்திகளோடு, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளியினரோடு, ஓர் ஒப்பந்தம். துறைமுக வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் உங்களுக்கு, கடல் பாதுகாப்பு எங்களுக்கு. 1759-ல் சூரத் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் அந்த ஒன்றேகால் பங்கும் கம்பெனிக்குப் போனது. பாவ்நகருக்கும் பம்பாய் வெள்ளைக்காரர்களுக்கும் நெருக்கம் ஏற்பட்டது இப்படித்தான். போர்க்களத்தில் தோற்று வந்த உறவு கிடையாது. சுங்கச்சாவடியில் தொடங்கிய உறவு.

இதையெல்லாம் வைத்து இவர்களைச் சாந்த சொரூபிகளாக நினைத்துவிடக் கூடாது. பாவ்சிங்ஜியின் பேரன் வகத்சிங்ஜி தளாஜாவையும் மகுவாவையும் சேர்த்துக்கொண்டு எல்லையை விரித்தவர். கோளிகள், காட்டிகள் என்ற உள்ளூர்ச் சமூகத்தார் அதில் நிலம் இழந்தார்கள். இழந்தவர்களுடைய பாட்டு நம் காதுக்கு வந்து சேரவில்லை. மராட்டியர்களின் ‘முல்க்கிரி’ வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை படையோடு வந்து, கேட்டதைக் கொடுக்கும்வரை பயிரை அழிக்கும் வசூல் முறை அது. 1807-ல் கம்பெனியின் கர்னல் வாக்கர் கத்தியவாடு (சௌராஷ்டிரத்துக்கு அன்றிருந்த பெயர்) முழுக்க ஒவ்வொரு சிற்றரசும் இவ்வளவு கப்பம் என்று நிரந்தரமாக நிர்ணயித்தபோது அந்தத் தொல்லை ஓய்ந்தது. அதற்கு விலை, அன்றிருந்த எல்லைக்கோடுகள் அப்படியே உறைந்துபோனது. யாரும் யாரையும் வெல்லவும் முடியாது, யாரும் அழியவும் முடியாது. கத்தியவாட்டில் 222 அரசுகள் 1948 வரை பிழைத்துக் கிடந்தது இதனால்தான். வேஜானோனெஸ் என்று ஓர் அரசு. பரப்பு 0.29 சதுர மைல், மக்கள் 206 பேர், ஆண்டு வருமானம் 500 ரூபாய். அந்தக் கூட்டத்தில் 2,961 சதுர மைல் கொண்ட பாவ்நகர் பெரிய அரசு, அதன் ராஜாவுக்கு வெள்ளைக்காரர்கள் 13 பீரங்கிக் குண்டு மரியாதை கொடுத்தார்கள்.

19-ம் நூற்றாண்டில் கதை ராஜாக்களைவிட திவான்களிடம் போய்விடுகிறது. கோகாவில் 1805-ல் பிறந்த கௌரிசங்கர் ஓஜா அதில் முதல்வர். நாகர் பிராமணர். கீழ்மட்ட வேலையில் சேர்ந்து திவானாக உயர்ந்தார். அரசர் தக்த்சிங்ஜி சிறுவனாக இருந்தபோது 1870 முதல் பெர்சிவல் என்ற வெள்ளைக்கார அதிகாரியோடு சேர்ந்து அரசை நடத்தினார். ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1879-ல் ஓய்வு பெற்றவர் 1886-ல் எல்லாவற்றையும் துறந்து சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அந்தக் காவித் துறவியோடு ஆக்ஸ்போர்டிலிருந்து மாக்ஸ் முல்லர் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1880-ல் அரசின் பணத்தில் பாவ்நகர்–வத்வான் ரயில் ஓடியது. உள்நாட்டுப் பருத்தி நேராகத் துறைமுகத்துக்கு வர வழி கிடைத்தது. பின்னாளில் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தை வரைந்த வில்லியம் எமர்சனை வைத்து மருத்துவமனை கட்டினார்கள். 1885-ல் சாமள்தாஸ் கல்லூரி. அதற்கும் பெயர் கொடுத்தவர் ஒரு திவான்தான்.

1888 ஜனவரியில் அந்தக் கல்லூரிக்கு ராஜ்கோட்டிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். பாடம் எதுவும் புரியவில்லை. குறை ஆசிரியர்களிடம் இல்லை, நான்தான் தேறாதவனாக இருந்தேன் என்று பின்னாளில் அவரே எழுதினார். ஒரு பருவம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். குடும்ப நண்பர் ஒருவர் இங்கே நாலைந்து வருஷம் வீணாக்காமல் பையனை லண்டனுக்கு அனுப்பி பாரிஸ்டராக்குங்கள் என்றார். மோகன்தாஸ் காந்தி லண்டன் போன கதையில் பாவ்நகருக்கு இப்படி ஒரு பங்கு.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் பாதித்தது ஒரு கடன் கணக்கு. கிருஷ்ணகுமார்சிங்ஜியின் தந்தை 1919-ல் இறந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. 1931-ல் முழு அதிகாரம் கைக்கு வரும்வரை அரசைப் பார்த்துக்கொண்டவர் பிரபாசங்கர் பட்டணி. காந்திக்கு நெருங்கிய நண்பர், வெள்ளைக்காரர்களுக்கும் நம்பிக்கையானவர். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பருத்தி விலை விழுந்தது. கிராமங்களில் குடியானவர்கள் சாவுகார்களிடம் மூழ்கிக் கிடந்தார்கள். வட்டிக்கு வட்டி ஏறி, தாத்தா வாங்கிய கடனைப் பேரன் கட்டும் நிலை. நம் ஊர்க் கிராமங்களிலும் அதே காலத்தில் அதே கதைதான்.

பாவ்நகர் அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு ஊர் ஊராகப் போய், யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கெடுத்தது. கூட்டிப் பார்த்தால் மொத்தக் கடன் 86 லட்சம் ரூபாய்க்கு மேல். பேசித் தீர்த்ததில் அது சுமார் 20.6 லட்சத்துக்கு வந்து நின்றது. ரூபாய்க்கு நாலணாகூட இல்லை. அந்தத் தொகையை அரசே சாவுகார்களுக்கு ரொக்கமாகக் கொடுத்துக் கடனை முடித்தது. பிறகு குடியானவர்களிடம் சிறுகச் சிறுகத் தவணையில் வாங்கிக்கொண்டது. சாவுகார்கள் ஏன் சம்மதித்தார்கள் என்றால், அந்த 86 லட்சத்தில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் இருந்த பணம். வராது என்று அவர்களுக்கே தெரியும். வராத ஒரு ரூபாயைவிடக் கையில் வரும் நாலணா மேல். கேட்பது அரசு என்பதும் ஒரு காரணம்தான். எப்படியோ, 1934-க்குள் ஒரு தேசத்தின் குடியானவர்கள் கழுத்திலிருந்து கயிறு அவிழ்ந்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே பட்டணியின் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும்.

மக்கள் உரிமை விஷயத்தில் வேகம் இவ்வளவு இல்லை. 1918-லேயே பிரஜா பிரதிநிதி சபை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள் என்றாலும் அது யோசனை சொல்லும் சபைதான். அதிகாரமுள்ள சட்டசபை கேட்டுப் பிரஜா பரிஷத் என்ற மக்கள் அமைப்பு தொடர்ந்து போராடியது. 1939 மே மாதம் அந்தப் பரிஷத் மாநாட்டுக்கு வல்லபபாய் படேல் வந்தபோது ஊர்வலத்தின் மீது தாக்குதல் நடந்து உயிர்கள் போயின. நல்ல ராஜாவின் ஊரிலும் உரிமை தானாக வந்து மடியில் விழவில்லை.

1947 டிசம்பரில் கிருஷ்ணகுமார்சிங்ஜி டெல்லி போய்க் காந்தியைப் பார்த்தார். குஜராத்தில் அந்தச் சந்திப்பை விரும்பிச் சொல்வார்கள். என் அரசை உங்களிடம் ஒப்படைக்கிறேன், எனக்கு எவ்வளவு வைப்பது என்பதையும் நீங்களே சொல்லுங்கள் என்றாராம். ராணியைக் கேட்டீர்களா, தம்பிகளைக் கேட்டீர்களா என்று காந்தி கேட்டாராம். 1948 ஜனவரி 15-ம் தேதி படேல் பாவ்நகருக்கு வந்தார். டெல்லியில் காந்தியின் கடைசி உண்ணாவிரதம் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று பாவ்நகரில் பொறுப்பாட்சி, அதாவது மக்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி, அறிவிக்கப்பட்டது. பல்வந்த்ராய் மேத்தா ஆட்சித் தலைவரானார். பின்னாளில் பஞ்சாயத்து ராஜ் அமைப்புக்குப் பரிந்துரை எழுதிய அதே மேத்தா. ஒரே மாதத்தில், பிப்ரவரி 15-ம் தேதி, கத்தியவாட்டு அரசுகள் ஒன்றாகிச் சௌராஷ்டிரம் என்ற ஒரே மாநிலம் உதயமானது.

டிசம்பர் 1947-ல் வேறு வழி இல்லை, கொடுத்ததில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்திலேயே ஜூனாகட் நவாப் பாகிஸ்தானோடு சேர்ந்தேன் என்று அறிவித்து, கடைசியில் நாட்டையே விட்டு ஓடினார். மற்ற பல அரண்மனைகளில் எவ்வளவு மானியம், எத்தனை குண்டு என்று பேரம் நடந்துகொண்டிருந்தது. இருப்பது நிலைக்காது என்று தெரிந்தும் கடைசிவரை பிடித்துத் தொங்குவதுதான் மனித இயல்பு. சீஹோரை விட்டு இறங்கிய பாவ்சிங்ஜியும், கடன் பத்திரங்களைத் தீர்க்கப் பணத்தை எடுத்து வைத்த பட்டணியும், கையெழுத்துப் போட்ட 35 வயது மகாராஜாவும் வேறு மாதிரி யோசித்தார்கள். காலம் போகிற திசை தெரிந்து, விட வேண்டியதை உரிய நேரத்தில் விட்டார்கள். ராஜபுத்திரர் என்றால் விட்டுக்கொடுக்காமல் சாவதுதான் பெருமை என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த வம்சம் பெரிய பாடமாக இருந்தது.

அரசுகள் ஒன்றான ஏழே மாதத்தில் கிருஷ்ணகுமார்சிங்ஜி சென்னைக்கு வந்தார். ஆளுநர் சம்பளமாக ஒரு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார் என்று பாவ்நகரில் இன்றும் சொல்வார்கள். ஊர் திரும்பிய பிறகு 1965 ஏப்ரலில், 52 வயதில் இறந்தார். சௌராஷ்டிர மாநிலம் 1956-ல் பம்பாயோடும் 1960-ல் குஜராத்தோடும் கலந்தது. 1902-ல் தொடங்கிய பாவ்நகர் தர்பார் வங்கி பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, 2008-ல் அதனோடு இணைந்தது. பாவ்நகர்ப் பல்கலைக்கழகம் கிருஷ்ணகுமார்சிங்ஜி பெயரில் இருக்கிறது.

பாவ்நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பாலிதானா சமணக் கோயில்களுக்குப் போகும் வழியில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் ஒரு பொட்டலம் காட்டியா என்ற கடலைமாவு நொறுக்குத் தீனி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் சீஹோரில் தொடங்குங்கள். அங்கே பழைய தர்பார்கட் அரண்மனைச் சுவரில் வகத்சிங்ஜி காட்டிகளோடு சித்தலில் போட்ட சண்டையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். குதிரைகளும் பீரங்கிகளும் நிறைந்த சுவர், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது. அங்கிருந்து பாவ்நகர் சுமார் 20 கிலோமீட்டர். ஊருக்குள் தக்தேஷ்வர் கோயில் குன்றில் ஏறினால் நகரமும் தூரத்தில் வளைகுடாவும் தெரியும். கோகாவுக்குப் போகும் நாளில் மட்டும் ஓத நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் வற்றிக் கிடப்பதையும் நிறைந்து நிற்பதையும் இரண்டையும் பார்க்க ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.